தலைப்பிரசவம்: வலி எடுத்ததிலிருந்து பிள்ளை கைக்கு வரும்வரை

முதல் பிரசவம் மெதுவாகத்தான் நடக்கும். இந்த அத்தியாயத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும். பிரசவ வார்டில் தலைச்சன் பிள்ளைக்காரிகள் படும் பாட்டில் பாதி வலியால் வருவது. மீதிப் பாதி, "இன்னும் ஆகலையா, ஏன் இன்னும் ஆகலை" என்ற பதைப்பால் வருவது. காலையில் வலி எடுத்து மறுநாள் விடிகாலையில் குழந்தை பிறந்தால் அதில் குறை ஒன்றும் கிடையாது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பத்து மணி நேரம் தாண்டியதும் அந்தப் பெண் தன் உடம்பில் ஏதோ கோளாறு என்று நம்பத் தொடங்குகிறாள். வெளியே நிற்கிற குடும்பமும் நம்பத் தொடங்குகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. எத்தனையோ தாய்களை இது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வீட்டில் பிரசவம் பார்த்த காலத்தில் ஒரு பெண் தன் முறை வருவதற்கு முன்பே அக்காவுக்கோ அண்ணிக்கோ நடந்ததைக் கதவுக்கு வெளியே நின்றாவது கேட்டிருப்பாள். இன்றைய பெண்ணுக்கு அந்த அறிமுகம் இல்லை. லேபர் வார்டுக்குள் என்ன நடக்கும் என்பது அவள் உள்ளே போன பிறகுதான் தெரிகிறது. அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

எப்போது கிளம்புவது

மாதம் நெருங்கியதும் அடிவயிறு இறுகி இறுகி விடும். சில இரவுகளில் அது வலியாகவே தெரியும். பெரியவர்கள் இதைச் சூட்டு வலி என்பார்கள். சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கஷாயம் கொடுப்பார்கள். குடித்ததும் அடங்கினால் சூட்டு வலி, அடங்காமல் ஏறினால் பிரசவ வலி என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் மரியாதை உண்டு. சீரகம் என்ன செய்கிறதோ, அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சூடாக ஏதாவது குடித்து, வலியைக் கவனிக்கிறோமே, அதில் வித்தியாசம் தெரிந்துவிடும். பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும். கொஞ்சம் நடந்தால், ஒருக்களித்துப் படுத்தால், சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் குறையும். உண்மையான வலி பெரும்பாலும் இடுப்பின் பின்பக்கம் பிடித்து முன்னால் சுற்றி வரும். இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு வலியும் முன்னதைவிட நீளும். வலி உச்சத்தில் இருக்கும்போது வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். நெற்றியைத் தொடுவதுபோலக் கெட்டியாக இருக்கும், விரல் அழுந்தாது.

வீட்டில் இருப்பவர் யாராவது செல்போனில் நேரம் குறிக்கட்டும்: ஒரு வலி தொடங்கிய நேரம், அடுத்த வலி தொடங்கிய நேரம். ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடத்துக்குக் குறையாமல், ஒரு மணி நேரமாக இதே கதி என்றால் கிளம்பலாம். ஊர் தூரம், பஸ் இல்லை, மழைக்காலம் என்றால் அதற்கு முன்பே கிளம்புங்கள். மலைக்கிராமத்துப் பெண்களுக்காகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறையே இருக்கிறது. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். வண்டிக்கு 108.

சில விஷயங்களுக்கு நேரம் குறித்துக்கொண்டிருக்கக் கூடாது. பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே புறப்பட வேண்டும். அந்த நீரின் நிறத்தைப் பார்த்துவையுங்கள். தெளிவாகவோ லேசாக வெளிறியோ இருந்தால் சரி. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். போனதும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். கோழை போன்ற சளியில் ரத்தம் கலந்து வருவது வழக்கமான அறிகுறி, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மாதவிடாய்போல ரத்தம் போவது, குழந்தையின் அசைவு குறைவது, விடாத தலைவலி, கண் மங்குவது, காய்ச்சல், வலிப்பு ஆகிய எதுவும் கஷாயத்துக்குக் காத்திருக்கிற விஷயம் இல்லை.

பையை எட்டாம் மாதம் முடியும்போதே கட்டிவையுங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஆதார் அட்டை, வங்கிப் புத்தக நகல் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். அட்டையில் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்) எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண்ணைக் கேட்பார்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி, நாப்கின், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துணிகள் நிறைய. நகைகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வளைகாப்பு வளையல்களைக் கழற்ற மனம் வராதவர்கள் உண்டு. கையில் ஊசி ஏற்றவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் இடைஞ்சலாக இருக்கும், அவசரத்தில் உடைத்தால் கையைக் கிழிக்கும். வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது.

"ரெண்டு விரல்தான் திறந்திருக்கு"

வார்டுக்குள் போனதும் உடை மாற்றச் சொல்வார்கள். ரத்த அழுத்தம், நாடி, வயிற்றின் அளவு, குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் பார்ப்பார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. உங்கள் இதயத்தைவிட வேகமாக அது ஓடுவதைக் கேட்டுப் பதற வேண்டாம். பிறகு கையுறை போட்டு உள்பரிசோதனை. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்காக இது. வயிற்றை இறுக்கிக்கொண்டால் வலி கூடும். வாயைத் திறந்து மூச்சை மெல்ல விடுங்கள், தொடைகள் தானாகத் தளரும். வலி வந்துகொண்டிருந்தால், "சிஸ்டர், இந்த வலி போகட்டும், அப்புறம் பாருங்க" என்று சொல்லலாம். சொல்லத் தகுந்த வார்த்தைதான் அது.

"ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்பார்கள். ஏறக்குறைய 3 செ.மீ. முழுத் திறப்பு என்பது 10 செ.மீ. இரவெல்லாம் வலி தாங்கி வந்தவளுக்கு இந்தக் கணக்கைக் கேட்டதும் அழுகை வரும். இங்கேதான் முதலில் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதல் 5 செ.மீ. வரை திறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 செ.மீ.க்குப் பிறகுதான் பிரசவம் வேகமெடுப்பதாகக் கொள்கிறது; அதன் பிறகும் முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆவது இயல்பு என்கிறது. மணிக்கு ஒரு செ.மீ. திறந்தே தீர வேண்டும் என்ற பழைய அளவுகோலை எல்லாப் பெண்களுக்கும் பொருத்தக் கூடாது என்றும் அது சொல்லிவிட்டது. தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை, மெதுவாக நடக்கிறது என்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது.

அதனால் இரண்டு விரல் திறப்பில் இருக்கும்போது, வீடு பக்கத்தில் இருந்து, எல்லாம் சரியாகவும் இருந்தால், "போய்ட்டுச் சாயங்காலம் வாங்க" என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த நீண்ட நேரத்தைக் கட்டிலில் மல்லாந்து கிடந்து கழிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வழி. நடங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை மெல்லச் சுழற்றுங்கள். படுக்க வேண்டுமானால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழித்துவிடுங்கள். நிறைந்த மூத்திரப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும். கஞ்சி, இளநீர், மோர், இட்லி என்று லேசாகக் கேட்டுச் சாப்பிடலாம். அறுவைக்கான வாய்ப்பு தெரிந்தால் மட்டும் வாயில் எதுவும் வைக்க வேண்டாம் என்பார்கள், அப்போது கேட்டு நடங்கள். வலி வரும்போது மூக்கால் இழுத்து வாயால் நீளமாக விடுங்கள். கத்த வேண்டும்போல இருந்தால் கத்தலாம், தப்பே இல்லை. ஆனால் கீச்சென்று உயர்ந்த குரலில் கத்தினால் தொண்டையும் உடம்பும் சேர்ந்து இறுகும். அடித்தொண்டையில் முனகினால் உடம்பு தளரும்.

வலி போதவில்லை என்றால் டிரிப்ஸில் ஆக்ஸிடோசின் கலந்து ஏற்றுவார்கள். "வலி வர ஊசி" என்று வார்டில் சொல்வது இதைத்தான். ஏற்றிய பிறகு வலி நெருக்கமாகவும் கூர்மையாகவும் வரும். குழந்தையின் துடிப்பை அடிக்கடி பார்க்க வேண்டும். ஏன் போடுகிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் தனியார் மருத்துவமனைகளிலும் முதுகுத்தண்டில் எபிடியூரல் கொடுத்து வலியைக் குறைக்கும் வசதி இருக்கிறது. வேண்டுமானால் ஒன்பதாம் மாதப் பரிசோதனையிலேயே கேட்டுவையுங்கள். வலியின் நடுவில் முடிவெடுப்பது கடினம். வலியைத் தாங்கித்தான் தாயாக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

பக்கத்தில் ஓர் ஆள்

பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண் உடனிருக்க அரசு மருத்துவமனைகளில் அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. 2016-இல் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் இதை அனுமதித்தது. அம்மா, மாமியார், அக்கா, சித்தி என்று பிள்ளை பெற்ற அனுபவமுள்ள ஒருவராக இருந்தால் நல்லது. தனியாரில் சில இடங்களில் கணவரையும் விடுகிறார்கள். யாரை அழைத்துப்போவது என்பதைப் பிரசவம் ஆகப்போகிற பெண்தான் முடிவு செய்ய வேண்டும். உறவில் யாருக்கு மனத்தாங்கல் வரும் என்று பார்த்து ஆள் தேர்ந்தெடுப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உங்களை அழவிட்டு, தான் அழாமல் பக்கத்தில் இருக்கக்கூடியவர் யாரோ அவரைக் கூப்பிடுங்கள்.

நல்ல துணை என்ன செய்யும் என்பதை ஓர் இரவில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு எட்டு செ.மீ. தாண்டியிருந்தது. உடம்பு நடுங்குகிறது, குடித்த காப்பியெல்லாம் வாந்தியாகிவிட்டது. "அம்மா, என்னால முடியலம்மா. ஆபரேஷன் பண்ணிடச் சொல்லும்மா" என்று அம்மாவின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா ஒன்றும் விவாதிக்கவில்லை. மகளை ஒருக்களிக்க வைத்து, உள்ளங்கையின் அடிமேட்டை இடுப்பெலும்புக்கு நடுவில் வைத்து, வலி ஏறும்போது பலமாக அழுத்தி, வலி இறங்கும்போது கையைத் தளர்த்திக்கொண்டே இருந்தார். "போச்சு பாரு, ஒண்ணு போச்சு. அது திரும்பி வராது" என்று ஒவ்வொரு வலிக்கும் சொன்னார். வலி இல்லாத நிமிடத்தில் ஈரத்துணியால் முகம் துடைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழிந்திருக்காது, முக்க வேண்டும்போல இருக்கிறது என்றாள் மகள்.

எட்டிலிருந்து பத்து வரையிலான இந்தக் கட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுமே முடியாது என்பார்கள். நடுக்கம், வாந்தி, கோபம், பயம் எல்லாம் வரும். அதை ஆபத்தின் அடையாளமாக எண்ண வேண்டாம். முடிவு நெருங்கிவிட்டது என்று காட்டுவதே அதுதான். துணைக்கு நிற்பவருக்கு இது கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும்.

துணைக்கு இருப்பவரின் இன்னொரு வேலை, வலியில் இருப்பவளுக்காகப் பேசுவது. சில வார்டுகளில் ஏச்சுப் பேச்சு இன்னும் இருக்கிறது. காது கூசும் வார்த்தைகளைச் சொல்லி அதட்டுகிறவர்கள் உண்டு. தொடையில் அடிப்பதும் உண்டு. வேலைப் பளு எவ்வளவு இருந்தாலும் அதற்கு நியாயம் கிடையாது. பக்கத்தில் உங்கள் மனுஷி ஒருத்தி நின்றாலே பெரும்பாலும் குரல் தணிந்துவிடும். தணியாவிட்டால் பணியில் இருக்கும் மருத்துவரிடமோ நிலைய மருத்துவ அலுவலரிடமோ சொல்லுங்கள்.

முக்குவது

கர்ப்பப்பை வாய் முழுதும் திறந்துவிட்டது என்று சொல்லும்வரை முக்கக் கூடாது. முன்னதாக முக்கினால் கர்ப்பப்பை வாய் வீங்கிக்கொள்ளும், நீங்களும் களைத்துப்போவீர்கள். அடக்க முடியாமல் வந்தால் வாயால் சின்னச் சின்ன மூச்சாக ஊதிவிடுங்கள்.

முழுத் திறப்புக்குப் பிறகு, வலி வரும்போது மட்டும் முக்க வேண்டும். "நாடியை நெஞ்சில வை, மோஷன் போற மாதிரி கீழே முக்கு" என்று செவிலியர் சொல்வார். அந்த இடத்தில்தான் பல பெண்கள் தயங்குகிறார்கள். முக்கும்போது கொஞ்சம் மலமும் வரும். குழந்தையின் தலை மலக்குடலை அழுத்திக்கொண்டு இறங்குகிறது, வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வார்டில் இருப்பவர்கள் தினமும் பார்ப்பது, துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அந்தக் கூச்சத்தில் சக்தியை மேலே தொண்டையிலும் கன்னத்திலும் கொண்டுபோய்ச் சேர்த்தால் முகம்தான் சிவக்கும், பிள்ளை நகராது. வலி நின்றதும் முழுக்கத் தளர்ந்துவிடுங்கள். தலை முன்னே வருவதும் பின்னே போவதுமாக இருக்கும்; அந்த ஆட்டத்தில்தான் சதை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொடுக்கிறது. தலைச்சனுக்கு இந்தக் கட்டமே மூன்று மணி நேரம் வரை போகலாம்.

தலை வாசலுக்கு வந்து நிற்கும்போது அங்கே நெருப்பு வைத்ததுபோல எரியும். அப்போது "முக்காதே, ஊது" என்பார்கள். அந்த நொடியில் கேட்டு நடப்பது உங்களுக்கே லாபம், தலை மெதுவாக வெளியே வந்தால் கிழிசல் குறையும். முதல் பிரசவம் என்றாலே கத்தரித்துத் தையல் போட்டாக வேண்டும் என்று ஒரு வழக்கம் வெகுகாலம் இருந்தது. தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் செய்தால் போதும் என்பதே இன்றைய மருத்துவம். வயிற்றின் மேல்பகுதியில் ஆள் ஏறி அழுத்துவதோ செய்யவே கூடாதது. தையல் போடும் முன் மரத்துப்போக ஊசி போடுவார்கள். மரத்துவிட்டதா என்று பார்த்த பிறகே தைக்க வேண்டும். குத்துவது தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொள்ளாதீர்கள், உடனே சொல்லுங்கள்.

எல்லாப் பிரசவமும் இந்த வழியில் முடிவதில்லை. முன்பு சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதக் குழந்தைகள் அறுவையில் பிறந்தன. இந்த எண்ணிக்கை தேவைக்கு மேல் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் துடிப்பு இறங்குகிறது, பல மணி நேரம் நல்ல வலி இருந்தும் தலை இறங்கவில்லை, தொப்புள்கொடி முன்னால் வந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்போது கையெழுத்துப் போடத் தாமதிக்கக் கூடாது. காரணத்தைக் கேளுங்கள், தெளிவான பதில் வந்தால் நம்புங்கள். அறுவையில் பெற்றவள் ஒரு துளியும் குறைந்தவள் இல்லை.

பிறந்த பிறகு முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பிறந்ததும் துடைத்து உங்கள் நெஞ்சின் மேல் போடுவார்கள். ஈரமாக, மாவு பூசியதுபோல, தலை கொஞ்சம் நீண்டு, கைகால் நீலம் பாய்ந்து இருக்கும். எல்லாமே இயல்பு. தலை சில நாட்களில் உருண்டுவிடும். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும். அதே நேரத்தில் உங்கள் தொடையில் ஓர் ஊசி விழும். கர்ப்பப்பை சுருங்கி உதிரப்போக்கு கட்டுப்படுவதற்காக அது. அரை மணிக்குள் நஞ்சும் வந்துவிடும். பிறகு வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள், வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். மஞ்சளாகச் சில சொட்டுதான் வரும். முதல் நாள் குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். "சேனை வைக்கணும்" என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ கொண்டுவருகிறவர்களைத் தடுத்துவிடுங்கள். மனம் நோகும் என்றால் உதட்டில் வைப்பதுபோல் பாவனை செய்து சடங்கை முடித்துக்கொள்ளலாம், உள்ளே போகக் கூடாது. ஒரு நாளாவது குளிப்பாட்டவும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ்-பி ஊசி, கூடவே பிசிஜி, போலியோ சொட்டு, வைட்டமின் கே ஊசி ஆகியவை போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

முதல் தடவை எழுந்திருக்கும்போது தலை சுற்றும், துணையில்லாமல் கழிப்பறைக்குப் போகாதீர்கள். ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகவில்லை என்றால் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை, மருந்து, ரத்தம், உணவு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாம் இலவசம். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்லவும், பிள்ளையைத் தூக்கிக் காட்டவும் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் தங்கிவிட்டுப் போங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பதிந்தாயிற்றா, பெற்றோர் பெயர்களில் எழுத்துப் பிழை இல்லையா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். வீட்டுக்குப் போன பிறகு ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதாக நனைந்தாலோ, ரத்தம் கட்டி கட்டியாகப் போனாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, உதிரம் நாறினாலோ, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ பத்தியம், தீட்டு, நல்ல நேரம் எதையும் பார்க்காமல் அதே மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.